பாம்பு உண்ணியும் நான் பார்க்காத ஆமையும்

போன மாதம் எங்கள் பழைய கிளினிக்கிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருந்தாலும் ஏதாவது சாமான் கண்ணில் படவில்லை என்றால் அங்கிருக்கும் பெண்களுக்கு என் ஞாபகம்தான் முதலில் வரும். இந்த முறை சாமான் தேடவில்லை. வீட்டில் வளர்க்கும் பாம்பு, ஓணான் வகைகளுக்கு உண்ணி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறார்களாம். "ஸ்டெல்லாக்கா, நீங்க வந்து சொல்லச் சொல்ல நாங்க எழுதிக்கினே வரோம்" என்றாள் ரேவதி. எனக்கு அடுத்து வேலைக்குச் சேர்ந்தவள் அவள்.

போய் உட்கார்ந்து சொன்னேன். பத்துப் பன்னிரண்டு வரி வந்தது. கடைசி வரியாக ஒரு கேள்வி: வீட்டில் வேறு என்னென்ன உயிர்கள் இருக்கின்றன? அதை எடுத்து முதல் வரியாகப் போடச் சொன்னேன். "பாம்பைத் தூக்கினு வந்தவங்ககிட்ட மொதல்ல பாம்பைப் பத்திதானேக்கா கேக்கணும்?" என்றாள் ரேவதி. "சொன்னதை எழுதும்மா" என்று எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போயிற்று. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் சுவரில் ஒட்டுகிற மாதிரியானது இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பென்னலூர். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. முதல் வேலை ஒரு கறிக்கோழிப் பண்ணையில், தண்ணீரில் மருந்து கலந்து வைப்பது. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் டாக்டர் மாலதி தனியாகக் கிளினிக் போட்டபோது, கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். துடைப்பம் பிடித்த கை தெர்மாமீட்டர் பிடிக்க ஒரு வருஷம், ஊசியில் மருந்து ஏற்ற இன்னும் இரண்டு வருஷம். இடையில் வாங்கிய கடிகளையும் பிறாண்டல்களையும் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

ஆரம்பத்தில் வந்ததெல்லாம் நாய், பூனை, கூண்டுக்கிளி. ஒரகடத்தில் கம்பெனிகள் வர வர, வருகிற ஆட்களும் மாறினார்கள், அவர்கள் தூக்கிக்கொண்டு வருகிற பிராணிகளும் மாறின. காரணம் ரொம்பச் சுலபம். நாய் குரைத்தால் ஹவுஸ் ஓனருக்குக் கேட்டுவிடும், பல்லி குரைக்காது. பூனைக்கு வேளாவேளைக்குச் சோறு வைக்க வேண்டும், ஷிப்டுக்குப் போகிறவனால் அது முடியாது. பாம்புக்குப் பத்து நாளைக்கு ஒரு தீனி போட்டால் போதும், ஓ.டி. பார்த்துவிட்டு வந்தாலும் கோபித்துக்கொள்ளாது. இப்படித்தான் இக்வானா என்கிற பெரிய பச்சை ஓணான் வந்தது, புள்ளிபோட்ட வெளிநாட்டுப் பல்லி வந்தது, பந்து மாதிரி சுருண்டுகொள்கிற குட்டை மலைப்பாம்பும் வந்தது.

முதல் மலைப்பாம்பு வந்த அன்று நான் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. அவர் யாரையுமே திட்டிப் பார்த்ததில்லை. பாம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "இறங்கி வந்து தராசை எடுங்க ஸ்டெல்லா, இதுக்கு எடை போடணும்" என்றார். அவ்வளவுதான். இறங்கினேன், எடுத்தேன், எடை போட்டேன்.

எடை விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. பண்ணையில் நாங்கள் கண்ணால் பார்த்தே மருந்து ஊற்றிப் பழகியவர்கள். "ஒண்ணே கால் கிலோ இருக்கும் டாக்டர்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். தராசை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதேபோல மருந்துப் பாட்டில்களில் லேபிளை அவர் கையாலேயே எழுதுவார். எது ஆகாதோ அதைச் சிவப்பு மையில் எழுதுவார். வாங்க வந்தவர்களிடம் லேபிளை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் பாட்டிலை நான் கொடுக்கக் கூடாது. கூட்ட நேரத்தில் எனக்கு இது பெரிய இம்சையாக இருக்கும். மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே படிப்பேன்.

பாம்பு உண்ணி என்றால் மாட்டின் மேல் உருண்டையாகத் தொங்குமே, அது இல்லை. கசகசாவை விடச் சின்னது, கறுப்பு. பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கிறது என்று யாராவது சொன்னாலே டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். உண்ணி கடிக்கிற அரிப்புத் தாங்காமல் தண்ணீருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் அடியில் கறுப்புப் புள்ளிகள் தங்கும். பிறகு வெள்ளைத் துணியை நனைத்துக் கழுத்திலிருந்து வால்வரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். துணியில் ஒட்டிய புள்ளி நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். தாடைக்கு அடியில் இருக்கும் மடிப்பு, கண்ணைச் சுற்றி உள்ள பள்ளம், செதிலின் ஓரம், இந்த மூன்று இடத்தையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். சாம்பல் தூவினாற்போல் உடம்பில் வெள்ளைப் பொடி இருந்தால் அது உண்ணியின் கழிவு.

பாம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் விடுவோம், தலை மூழ்காத அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். கண் ஓரத்தில் இருப்பவற்றுக்குப் பஞ்சில் துளி எண்ணெய். அப்புறம்தான் மருந்து. ஆனால் பாம்பைக் குளிப்பாட்டுவது பாதி வேலைகூட இல்லை. உண்ணி பாம்பின் மேல் சாப்பிட மட்டும்தான் வருகிறது, மெஸ்ஸுக்கு வந்து போகிற ஆட்கள் மாதிரி. குடித்தனம் நடத்துவதும் முட்டை போடுவதும் கூண்டின் இண்டு இடுக்குகளில். கூண்டைக் காலி செய்து, உள்ளே இருக்கிற மரத்தூளை எல்லாம் கட்டித் தூரப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, தண்ணீர்த் தொட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு மருந்தடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பாம்பைத் திரும்ப விட வேண்டும். மரத்தூளுக்குப் பதில் வெறும் பேப்பர் விரிக்க வேண்டும், அப்போதுதான் புதிதாக ஏதாவது ஊர்ந்தால் தெரியும். முட்டை பொரிந்துகொண்டே இருக்கும் என்பதால் வாரா வாரம் இதையே திரும்பச் செய்ய வேண்டும். புதிதாக வாங்கிய பிராணியை இரண்டு மூன்று மாதமாவது வேறு அறையில் வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. அதை யாரும் செய்வதில்லை.

அந்தக் கூண்டு மருந்தின் லேபிளில் டாக்டர் சிவப்பில் எழுதிய வரி இது: ஆமைக்கு ஆகாது. ஆமை இருக்கும் இடத்தில் அடிக்காதே. மாடு, ஆடு, நாய், பாம்பு என்று பலதுக்கும் அளவோடு கொடுக்கிற மருந்துதான். ஆமையின் உடம்பில் மட்டும் அது மூளைவரைக்கும் போய்க் கால்களைத் துவளப் போட்டுவிடும். அதை முறிக்க மருந்து கிடையாது. படிப்பு முடித்த புதிதில் அவரே ஓர் ஆமைக்கு ஊசி போட்டு இழந்திருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

இதோடு, கிளினிக்குக்கு ஜீப் வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் கட்டைப்பையில் நட்சத்திர ஆமை ஒன்றைக் கொண்டுவந்தார். ஓட்டில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடு போட்டிருக்குமே, அது. அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். நாய் கடித்து ஓடு பிளந்திருந்தது. டாக்டர் காயத்தைக் கழுவி, ஓட்டைப் பொருத்தி ஒட்டி, மருந்து போட்டு முடித்துவிட்டு, வனத்துறைக்குப் போன் செய்தார். ஜீப் வந்தது. "ஆசையா வளத்தேன் சார், பதினாலு வருஷம் சார்" என்று பெரியவர் கும்பிட்டுக்கொண்டே ஏறினார். ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் பல மாதம் கோர்ட்டுக்கு அலைந்தார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு டாக்டர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டுப்போட்டு அனுப்பியிருந்தால் போதாதா, போன் வேறு செய்ய வேண்டுமா என்று தோன்றியது. அன்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். யார் வீட்டுக்குப் போனாலும் கூப்பிட்ட பிராணியை மட்டும் பார்ப்பது, வேறு எது கண்ணில் பட்டாலும் கண்டும் காணாமல் வந்துவிடுவது. அதை நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் அது கெட்ட மனசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜீப் வந்து போன ஒரு மாதத்துக்குள் குமரேசன் வந்தான். உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. காஞ்சிபுரம் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாது. கையில் மலைப்பாம்பு, சட்டைப்பையில் அதற்கு அரசாங்கத்தில் பதிவு செய்த சீட்டு, லேமினேட் போட்டு. பாம்புக்குப் பேர் மேனேஜர். "பத்து நாளைக்கு ஒருவாட்டி துன்னுட்டு, மீதி நாளெல்லாம் சுருண்டு படுத்துக்கினு கீதுக்கா. வேற இன்னா பேர் வைக்கிறது?" என்றான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டாக்டர்கூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மேனேஜருக்கு உண்ணி மொய்த்திருந்தது. மருத்துவம் செய்து அனுப்பினோம். மூன்று வாரத்தில் திரும்ப வந்தான், அதே உண்ணி. இன்னொரு தடவையும் வந்தான். அவன் முழங்கையிலேயே சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. டாக்டர் யோசித்துவிட்டு, "ஸ்டெல்லா, நீங்க ஒரு தடவை போய் அந்தக் கூண்டைப் பார்த்துட்டு வாங்க. மருந்தையும் கொண்டு போயிடுங்க" என்றார்.

ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டி வரிசையாகக் கட்டிவிட்ட ஆறு வீடுகளில் அவனுடையது நாலாவது. ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் தடுப்பு. அறையில் பாதி இடத்தைக் கூண்டு அடைத்துக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு இயந்திர சாமான் வந்து இறங்குகிற பைன் மரப் பெட்டிகளை உடைத்து, லீவு நாளில் அவனே செய்த கூண்டு. அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் கட்டில், அலமாரி, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் அந்த மரம்தான். வழவழவென்று இழைத்து வார்னிஷ் அடித்திருந்தான். ஆனால் பெட்டி மரத்தில் பழைய ஆணி ஓட்டைகள் போகுமா? மொபைல் வெளிச்சத்தை அடித்து, ஓர் ஓட்டையில் ஊசியை விட்டுக் கிளறினேன். கறுப்பாகப் பொலபொலவென்று கொட்டியது.

"இன்னாக்கா இது, ஆணி ஓட்டையிலகூட குடித்தனம் வச்சிகீது!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கூண்டை உடைச்சு எரிச்சுடுப்பா" என்றேன்.

"ஆறு ஞாயித்துக்கெயமை போட்டு செஞ்சேன்க்கா."

"அப்போ ஆறு மாசம் கிளினிக்குக்கு நட."

கண்ணாடித் தொட்டி வாங்கிக்கொள்வதாக ஒத்துக்கொண்டான். அவன் மனைவி பேச்சியம்மாள் சமையல் தடுப்பின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் இருந்து, கம்பெனி பஸ்ஸில் பழக்கமாகி இவனைக் கட்டிக்கொண்டவள் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். நான் வந்ததிலிருந்து அவள் அந்த வாசலை விட்டு ஓர் அடி நகரவில்லை. "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டதற்கு, உடம்பைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டிச் சொம்பை எடுத்துக் கொடுத்தாள்.

சொம்பை வாங்கும்போதுதான் அவள் காலுக்குப் பின்னால் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் ஓரமாக ஓர் எவர்சில்வர் தட்டு. அதில் முருங்கைக்கீரை, பூசணித்தோல், பாதி செம்பருத்திப்பூ. பூசணித்தோலில் பிறை பிறையாகக் கடித்த அடையாளம். எலி அப்படிக் கடிக்காது. அப்போதே சிலிண்டருக்குப் பின்னாலிருந்து சிமெண்டுத் தரையில் நகம் தேய்கிற சத்தம் வந்தது. கற்... கற்... பேச்சியம்மாள் சட்டென்று குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் அது அமுங்கிப் போயிற்று. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொம்பைப் பார்த்துக் குடித்தேன்.

ஜீப்பில் ஏறிய பெரியவரின் முகம்தான் எனக்கு உடனே வந்தது. இந்தப் பெண்ணை அப்படி ஏற்ற வேண்டாம் என்று நினைத்தேன்.

அறைக்குத் திரும்பிக் கிளினிக் பாட்டிலிலிருந்து மருந்தை அளந்து, தண்ணீரில் கலந்து, குமரேசன் வைத்திருந்த ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். அவன் பாட்டிலில் லேபிள் கிடையாது. கிளினிக் பாட்டிலில் இருந்ததை வழக்கம்போல வாய்விட்டுப் படித்தேன். கூண்டில் மட்டும் அடிக்கவும். தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிடவும். காய்ந்த பிறகு விடவும். அடுத்து சிவப்பு வரி. ஆமை என்ற வார்த்தை நாக்குவரைக்கும் வந்தது. அந்த ஒற்றை அறையில், அந்த நேரத்தில், அதைச் சொன்னால் 'உன் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும்' என்று சொல்வதாகத்தானே ஆகும்? பேச்சியம்மாள் குழாயை இன்னும் மூடவில்லை. நான் அந்த வரியை விழுங்கிவிட்டுப் பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

விழுங்கியதோடு விட்டேனா? கிளம்பும்போது, லேபிளில் இல்லாத ஒன்றை என் அனுபவத்திலிருந்து சேர்த்துச் சொன்னேன். "கூண்டை எரிச்சா மட்டும் பத்தாதுப்பா. இவ்வளவு நாள்ல அறை பூரா பரவியிருக்கும். அலமாரி அடி, கதவு இடுக்கு, மூலை முடுக்கு எதையும் விடாத. ஒரு ஓட்டையை விட்டாலும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்." குவாலிட்டிக்காரன் இல்லையா, ஒரு பேப்பரில் கட்டம் கட்டமாகப் போட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து எனக்குப் படம் அனுப்பினான். கண்ணாடித் தொட்டியில் வெறும் பேப்பர் மேல் மேனேஜர் பளபளவென்று சுருண்டிருந்தது. உண்ணி ஒன்றுகூட இல்லை. டாக்டரிடம் பெருமையாகக் காட்டினேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, வாசலில் பேச்சியம்மாள் நின்றாள். கம்பெனியில் தந்த டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் பையைத் திறந்தாள். நட்சத்திர ஆமை. தலை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. காலைத் தொட்டால் இழுத்துக்கொள்ளவில்லை. தூக்கினால் நாலு காலும் துணி மாதிரி தொங்கின.

"அஞ்சு நாளா ஒண்ணும் திங்கலக்கா. இன்னைக்குக் கண்ணு முழிக்க மாட்டேங்கு" என்றாள்.

"மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை அவரு அடிச்சாருக்கா. பாம்புக்கு வந்தது இதுக்கும் தொத்திரக் கூடாதுல்லா. ஓட்டு மேல, காலு இடுக்குல, தின்னுத தட்டுல எல்லாம் அடிச்சாரு. ஒண்ணு விடாம அடிக்கச் சொன்னீயள்லா."

"டாக்டர்கிட்ட போயிடலாம்மா, அவங்க வூட்டுக்கே போலாம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா. ஜீப்பு வரும்னு அவரு சொல்லியிருக்காரு. என்னைக் கொண்டு போனாலும் பரவால்ல, இதைக் கொண்டு போயிருவாவ." அந்தப் பெரியவரின் கதையைக் குமரேசனிடம் சொன்னது யார்? நான்தான். கிளினிக்கில் காத்திருந்தபோது பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.

நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் டாக்டரின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஓட்டையும் காலிடுக்கையும் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தேன். சொட்டுச் சொட்டாக வாயில் தண்ணீர் விட்டேன், உள்ளே போகவில்லை. அட்டைப்பெட்டியில் துணி விரித்து மேலே பல்பு எரியவிட்டேன். "என்கிட்ட விட்டுட்டுப் போ, காலையில வா" என்றேன். மறுநாள் விடிந்து பார்த்தபோது கழுத்து விறைத்திருந்தது.

திங்கட்கிழமை கிளினிக்கில் கூட்டம் ஓய்ந்த பிறகு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைப் பார்த்தது, சத்தம் கேட்டது, சிவப்பு வரியை விழுங்கியது, எல்லாம்.

"நேத்தே ஏன் கொண்டு வரலை?" என்றார்.

"நீங்க போன் பண்ணிடுவீங்கன்னு..."

"பண்ணியிருப்பேன். டிரிப்ஸ் போட்டு, டியூப் போட்டு, செய்யறதெல்லாம் செஞ்சுட்டுப் பண்ணியிருப்பேன். பிழைச்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது ஸ்டெல்லா. ஆனா ஒரு மாசம் முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதுக்கு நான்கூட தேவைப்பட்டிருக்க மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. லேபிளில் இருப்பதை எல்லோருக்கும் படிப்பதுபோல் படித்திருந்தால் போதும். அதற்காகத்தானே அந்த மனுஷி என்னை அத்தனை வருஷம் பாட்டுப் படிப்பதுபோல் படிக்க வைத்தார். அவர் அன்று பேர் எதுவும் கேட்கவில்லை. யார் வீடு என்று அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்காது. என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. அனுப்பியிருந்தால் எனக்கு ஒருவேளை கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதினேன். ஒன்றைச் சொல்லவில்லை. அது அன்று காலையில், நான் கிளினிக்குக்குக் கிளம்புவதற்கு முன் நடந்தது.

பேச்சியம்மாள் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆமையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் ஓட்டைத் துடைத்தாள். அப்புறம் தானாகச் சொன்னாள்.

"இது எங்கம்மா வளத்ததுக்கா. செல்லின்னு பேரு. நான் இவரைக் கட்டிக்கிட்டதுக்கு வீட்டுல யாரும் பேச்சுவார்த்தை இல்ல. அம்மா எறந்துட்டாவன்னு கேட்டு ஓடுனேன். அண்ணன் வாசல்லயே மறிச்சுட்டான், அம்மா முகத்தைக்கூட காட்டல. கொல்லப்பக்கமா போனேன், இது கெடந்துச்சு. தூக்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அம்மா கையால தின்னது இது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"எக்கா, அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்தப்ப இதைப் பாத்தீயளா? சத்தங்கித்தம் கேட்டுச்சா?"

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற மாதிரி எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது.

"இல்லம்மா. நான் எதையும் பாக்கலை" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அதானே. பாத்திருந்தா சொல்லியிருப்பீயள்லா. நாந்தான் சிலிண்டருக்குப் பின்னால ஒளிச்சு வச்சு, குழாயத் திறந்துவிட்டு... நானே கொன்னுட்டேன்க்கா எங்கம்மா வளத்ததை."

"அப்படியெல்லாம் சொல்லாதம்மா" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஆமைக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். "நீங்க அழாதீயக்கா, உங்களால முடிஞ்சதைப் பாத்தீய" என்று சொல்லிவிட்டு, டிபன் பையில் செல்லியை வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரம் ஆயிற்று. குமரேசனுடைய கம்பெனி ஒரு லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது அவனையும் அனுப்பிவிட்டார்கள். நான் போனபோது அந்த நாலாவது வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அவன் நம்பரை இன்றைக்கும் எப்போதாவது போட்டுப் பார்க்கிறேன், உபயோகத்தில் இல்லை என்றுதான் வருகிறது. அவள் எங்கேயோ ஓர் ஊரில், தன் தாயின் ஆமையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு இருக்கிறாள்.

பேச்சி, நான் பார்த்தேன். தட்டைப் பார்த்தேன், சத்தத்தைக் கேட்டேன், அந்த மருந்து ஆமைக்கு ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். நீ கொல்லவில்லை.